அரை மில்லிமீட்டர்

நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினெட்டு. இதுவும் நூலான்தான். அடுத்ததும் நூலான். நுண்ணோக்கிக்குக் கீழே கண்ணாடித் தட்டில் சாயம் குடித்துச் சிவந்து கிடக்கிற இந்தப் புழுவுக்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு லத்தீன் பெயர் உண்டு, ஆனால் இந்த ஆய்வுக்கூடத்தில் நாங்கள் வைத்த பெயர் நூலான், ஏனென்றால் தையல் நூலைத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டது போல இருப்பான். வேறு எந்தப் பிராணியும் மூச்சுவிட முடியாத அழுகல் சேற்றில் இவன் மட்டும் குடும்பம் குட்டியோடு கும்மாளம் போடுவான். நூற்றுப் பத்தொன்பது. கடலுக்கு அடியில் இருக்கிற மண்ணை இரும்பு வாயால் கவ்வி எடுத்துவந்து, படகிலேயே சல்லடையில் அலசி, சல்லடையில் தங்கினதை ஃபார்மலினும் சாயமும் ஊற்றிப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவருவார்கள். எடுத்த நேரத்தில் உயிரோடு இருந்தது மட்டும் சிவப்பாகும், செத்த கூடு வெள்ளையாகவே கிடக்கும். அந்தச் சிவப்புகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இது இன்ன வகை, அது இன்ன வகை என்று பிரித்து எண்ணுவது என் வேலை. பதினேழு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். நூற்று இருபது. இன்னும் பாதித் தட்டுகூட முடியவில்லை, அதற்குள் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் கனகசுந்தரம் அறிக்கையின் முடிவுரையை எழுதி, அச்சடித்து, என் மேசையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். கடலடி உயிரினச் சமூகம் ஆரோக்கியமாக உள்ளது. பிள்ளை பிறக்குமுன்னே பேர் வைத்தாயிற்று. பேர் வைத்ததோடு போனால் சரி, பிறப்புச் சான்றிதழில் கையெழுத்தும் நான் போடவேண்டுமாம். தாளின் கடைசி வரியில், ஆய்ந்தவர் எமல்டா பர்னாந்து என்று போட்டு ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார்கள், அந்தக் கோட்டைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஆரோக்கியமாம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை மாதாவின் பேரோடு சேர்த்துத்தான் சொல்வோம், காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறபோது சொல்வோம். இவர் அதை ஆலைக் கழிவு விழுகிற சேற்றுக்குச் சொல்கிறார். நூற்று இருபத்தொன்று, இருபத்திரண்டு, இது ஒரு குட்டிச் சிப்பி, இதைத் தனியாக வை. ஒன்பதாவது வகை. ஒன்பதோடு சரி, இதற்குமேல் இந்த நிலையத்தில் எதுவும் இல்லை, எனக்குத் தெரியும், மற்ற இரண்டு பாட்டிலையும் நேற்றே முடித்துவிட்டேன், அதிலும் இதே ஒன்பதுதான், டாக்டரிடம் கணக்கும் கொடுத்தாயிற்று. நிலையம் நான்கு என்பது ஆலையின் கழிவுக் குழாய் கடலில் வாய்திறக்கிற இடம். குழாய் போடுவதற்கு முன்னால் அங்கே எத்தனை வகை இருந்தது என்று ஒரு முதல் அளவு எடுத்துவைத்திருக்கிறோம், இப்போது எத்தனை இருக்கிறது என்று அதோடு ஒப்பிட வேண்டும், வித்தியாசம் இல்லையென்றால் ஆலைக்கு இரண்டாவது குழாய் போடக் கமிட்டி அனுமதி கொடுக்கும். விஷயம் இவ்வளவுதான். முதல் அளவு பதினொரு வகை. இப்போது ஒன்பது வகை. பதினொன்றுக்கும் ஒன்பதுக்கும் என்ன பெரிய வித்தியாசம், கடல் என்றால் ஏறும் இறங்கும் என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேலேயும் ஒரு படி போய், உயிரினங்களின் மொத்த எண்ணிக்கை முன்பைவிடக் கூடியுள்ளது என்று ஒரு வரி. கூடாமல் என்ன செய்யும், நூலான் பெருகிக் கிடக்கிறான். சாக்கடையில் கொசு கூடினால் ஊர் செழித்துவிட்டது என்று எழுதுவாரா இந்த மனிதர். நூற்று இருபத்து, நூற்று இருபத்து மூன்று. அந்தப் பதினொன்று பொய். பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பொய்யாக்கினது என் கை.

கதவு திறந்தது. ஃபார்மலின் நெடிக்காக மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு முத்துமாலை அண்ணாச்சி எட்டிப்பார்த்தார். ஆபீஸின் அட்டெண்டர், தபால் பை அவர் தோளை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. "எமல்டாம்மா, அய்யா கேக்காவ. தாளு ரெடியான்னு." இன்னும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி என்றேன். "மூணு மணிக்குக் கமிட்டியாம்லா. அதுக்குள்ள நாலு காப்பி போடணுங்காவ." பொறுக்கச் சொல்லுங்க என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மேசையில் இருந்த தாளைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். எத்தனையில் விட்டேன், நூற்று இருபத்து மூன்றா நான்கா. மூன்று என்று வைத்துக்கொள்வோம் என்று மனசு சொல்கிறது. வைத்துக்கொள்வோம் என்று நான் எப்போது எண்ணியிருக்கிறேன், பதினேழு வருஷத்தில் ஒரு தட்டில்கூட வைத்துக்கொண்டதில்லை. பொறுக்கிவைத்த குழியைத் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணு. ஒன்று, இரண்டு, மூன்று.

மேற்கே இருந்து கச்சான் காற்று எடுத்த நாள் அது. மூன்று வருஷம் ஆகிறது, அந்த முதல் அளவு எடுக்கப் போன நாள். விடியக் காலையில் போனோம், கடல் தட்டுப்போல இருந்தது, நிலையம் நான்குக்கு வரும்போது படகு தலைகீழாக நிற்கிற மாதிரி ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று தடவை மண் எடுக்க வேண்டும். முதல் மண்ணை அரை மில்லிமீட்டர்ச் சல்லடையில் அலசி, பாட்டிலில் அடைத்து, மூடியைத் திருகினேன். இரண்டாவது மண்ணைக் கொட்டும்போது இரும்பு வாயின் முனை சல்லடையில் இடித்து வலை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. கூடுதலாக ஒரு சல்லடை எடுத்துவந்திருந்தோம், ஆனால் அது ஒரு மில்லிமீட்டர். கண் பெரியது. சின்னப் பிராணியெல்லாம் அதில் நிற்காது, தண்ணீரோடு போய்விடும், கடலடியில் இருக்கிறதில் முக்கால்வாசி சின்னப் பிராணிதான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா, முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நான்தானே சொல்லிக்கொடுக்கிறேன். படகுக்காரர் அந்தக் காற்றில் இனி நிற்கமுடியாது என்கிறார், நான் இரண்டு தடவை வாந்தியெடுத்து முடித்திருந்தேன். ஒரு மில்லிமீட்டரிலேயே அலசிவிட்டேன். இரண்டாவதையும், மூன்றாவதையும். சேற்றுத் தண்ணீர் கண்வழியாகக் கடகடவென்று இறங்கியது, அதில் என்னென்ன போயிற்றோ, வேகமாக முடிகிறதே என்று எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அதோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை, சல்லடை கிழிவது யாருக்கும் நடக்கும், மாற்றினேன் என்று தாளில் எழுதினால் தீர்ந்தது. படிவத்தில் சல்லடை அளவு என்ற கட்டத்தில் பழக்கத்தில் அரை, அரை, அரை என்று மூன்று தடவை எழுதினேன். பழக்கம் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழக்கம் இல்லை. எமல்டா பொறுக்கினால் மறுபார்வை வேண்டாம் என்று பேர் வாங்கியவள் நான், வேறு ஊர்க் கல்லூரியிலிருந்தெல்லாம் என் கையைப் பார்க்க வருவார்கள், அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

நாற்பது, நாற்பத்தொன்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் குறுகுறுக்கவில்லை, பாட்டிலைத் திறந்தபோதுதான் நெஞ்சில் அடித்தது. முதல் பாட்டிலில் நாற்பத்து மூன்று வகை. நண்டுக் குஞ்சு, நெல்மணி அளவில் சிப்பி, ஐந்து கையையும் சுருட்டிக்கொண்ட நொறுங்கு நட்சத்திர மீன், குழல் கட்டி உள்ளே குடியிருக்கிற புழு, யானைத் தந்தம் போல வளைந்த ஒரு சின்னச் சங்கு, ஒரு வாரம் பொறுக்கினேன், பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது, ஒரு கை மண்ணில் இத்தனை உயிரா என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற இரண்டு பாட்டிலிலும் சேர்த்துப் பதினொன்று. நேரே போய் டாக்டரிடம் சொன்னேன். மறைக்கவில்லை. சார், ரெண்டாவது மூணாவது பாட்டில்ல சல்லடை மாறிப்போச்சு, தாள்ல தப்பா எழுதிட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். "இதெல்லாம் ஒரு விஷயமா எமல்டா, கடல்ல நடக்காததா, விடுங்க" என்று சிரித்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன், அடி மண்டூகமே. அடுத்த மாதம் அறிக்கை அச்சாகி வந்தது. மூன்று பாட்டிலில் எது சரியோ அதைத் தூக்கி எறிந்திருந்தார். முதல் மாதிரி மற்ற இரண்டோடும் ஒத்துவரவில்லை, ஆகவே விலக்கப்பட்டது என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. இரண்டு பொய்சாட்சி ஒத்துப்போகிறது, ஒரு மெய்சாட்சி ஒத்துப்போகவில்லை, எனவே மெய்சாட்சியை வெளியே தள்ளு. நான் அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. என் தப்பு அடியில் போய்விட்டதே என்று அந்தப் பொடி எழுத்தைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷப்பட்டேன். அவர் சிரித்ததுக்கு விலை இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. இன்றைக்கு அரை மில்லிமீட்டரில் அலசி ஒன்பதைக் காட்டுகிறார், அன்றைக்கு ஒரு மில்லிமீட்டரில் தங்கின பதினொன்றைப் பக்கத்தில் வைக்கிறார், பாருங்கள் அப்படியே இருக்கிறது என்கிறார். நாற்பத்து மூன்று ஒன்பதாகியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அந்தச் சோற்றைப் பொங்கிக் கொடுத்தவள் நான்.

தொண்ணூறு. லாசர் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். என் கூடப்பிறந்தவன், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவன். பூசை முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சாப்பிடாமல் கையை மோந்து மோந்து பார்த்தான். "யக்கா, நாலு சோப்பு போட்டுட்டேன், போவ மாட்டேங்குது. அழுவுன முட்ட நாத்தம்." எங்கே சங்கு குளித்தாய் என்றேன். "கொழாய்க்குத் தெக்க, நம்ம பார்லதான், கடலுக்கடி பாறையில. பார் எங்க இருக்கு, மேல பூராச் சேறு மூடிக் கெடக்கு. கறுப்புச் சேறு. கைய வச்சா முழங்கை மட்டும் போவுது. சங்கு ஒண்ணு ரெண்டு கெடக்கு, எடுத்தா உள்ள சதையில்ல." சங்கு எதைத் தின்னும், புழுவைத் தின்னும். நான் முதல் பாட்டிலில் பொறுக்கின அந்தக் குழல் புழுவைத்தான் தின்னும், அது இல்லையென்றால் சங்கு இல்லை, சங்கு இல்லையென்றால் லாசர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போவான், அவன் தெருவில் ஏற்கெனவே ஆறு பேர் போய்விட்டார்கள். "நீங்கதான அக்கா கணக்குப் பாத்துச் சொல்லுறது, கடலு நல்லாருக்கா இல்லியான்னு. நீங்க என்ன எழுதியிருக்கீய?" என்று கேட்டான். சும்மாதான் கேட்டான், அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்டான். மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினேன். தம்பிக்கு அக்கா சொன்ன பதில் அதுதான். அவன் போனபிறகு என் வீட்டுக்காரர் பெர்னாட் சொன்னார், "ஒருத்தி கையெழுத்துப் போடலன்னா கொழாய் நின்னுருமாக்கும். வேற ஆள வச்சுப் போட்டுட்டுப் போவான்." போகட்டும். வேறு ஆள் போடட்டும். ஆனால் வேறு ஆள் போட்டாலும் அடியில் கிடக்கிற அந்தப் பதினொன்று என்னுடையதுதானே, அதை யார் போய் அழிப்பார்கள்.

நூற்று அறுபது. நூற்று எழுபது. வேகமாகப் போகிறது, நூலானை எண்ணுவதற்குப் படிப்பே வேண்டாம். கையெழுத்துப் போடமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டால் என்ன. கை சுளுக்கிவிட்டது, தலை சுற்றுகிறது, லீவு வேண்டும். எவ்வளவு சுத்தமான வழி. நான் ஒதுங்கிக்கொள்வேன், அவர் வேறு ஒருத்தியைக் கூப்பிடுவார், நாளைக்கு ஊர் கேட்டால் நான் போடவில்லையே என்று மார்தட்டலாம். சீ. எனக்கு அவர்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி என்மேல் வரவேண்டியது, இத்தனை நாளும் முழுவதையும் அவர்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தேன், அது வசதியாக இருந்தது. போன வாரம் அவரிடம் போய், சார் அந்த முதல் பாட்டிலைச் சேர்க்கவேண்டும் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சேர்க்கலாம். சேர்த்தா சல்லடை எப்படி மாறுச்சுன்னு கேப்பாங்க. தாள்ல யார் கையெழுத்து இருக்கு?" என்றார். மிரட்டின மாதிரியே இல்லை, டீ சாப்பிட்டாச்சா என்று கேட்கிற குரல். மூன்று வருஷமாக என் தப்பைப் பத்திரமாக ஃபைலில் போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார். நான் அதை மன்னிப்பு என்று நினைத்தேன். அது கடிவாளம். இருநூற்று இரண்டு. எங்கே போனாலும் சொல்வார்கள், சல்லடையை மாற்றிவிட்டு மாற்றவில்லை என்று எழுதினவள். எந்த ஆய்வுக்கூடத்தில் எடுப்பார்கள். இந்த நாற்காலி, இந்தக் கண்ணாடித் தட்டு, இடுக்கி நுனியில் ஒரு புழுவின் கால்முடி தெரிகிறபோது வருகிற அந்தச் சந்தோஷம், வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது, வேறு எதிலும் நான் கெட்டிக்காரி இல்லை. பயமாக இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லிவிடலாம், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருநூற்று மூன்று. அந்த முதல் பாட்டிலில் பொறுக்கின நாற்பத்து மூன்று வகையும் பின்னால் அலமாரியில் இருக்கிறது, ஒவ்வொன்றும் தனிக் குப்பியில், என் கையெழுத்தில் சீட்டு ஒட்டி, தேதி போட்டு. மெய்சாட்சி எங்கேயும் போய்விடவில்லை. அதைக் கூப்பிட வேண்டுமென்றால் பொய்சாட்சியும் எழுந்து நின்று நான் பொய் சொன்னேன் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் விஷயம், இதற்கா மூன்று வருஷம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தட்டு முடிந்தது. நூலான் இருநூற்று எண்பத்தாறு, மற்ற எட்டு வகையும் சேர்த்துப் பதினான்கு. எண்ணிக்கையைத் தாளில் எழுதினேன். முடிவுரையைத் தொடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கமிட்டித் தலைவர் அவர்களுக்கு என்று ஆரம்பித்தேன். மூன்று வருடங்களுக்கு முன் நிலையம் நான்கில் எடுத்த இரண்டாவது, மூன்றாவது மாதிரிகளை நான் ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் அலசினேன். படிவத்தில் அரை மில்லிமீட்டர் என்று எழுதினேன். அது உண்மையல்ல என்று தெரிந்தே எழுதினேன். தெரிந்தே என்ற சொல்லை எழுதிவிட்டு அதை அடிக்கலாமா என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அடிக்கவில்லை. பதினொன்று என்ற எண் செல்லாது. சரியாக அலசிய ஒரே மாதிரியில் நாற்பத்து மூன்று வகை இருந்தது, அது அறிக்கையிலிருந்து விலக்கப்பட்டது, குப்பிகள் ஆய்வுக்கூடத்தில் உள்ளன, வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பேர், கையொப்பம், தேதி. இரண்டு பிரதி எழுதினேன். அண்ணாச்சி மறுபடி வந்து நின்றபோது ஒன்றை உறையில் போட்டு நீட்டினேன். தபாலோட போறப்ப கமிட்டி ஆபீஸ்ல குடுத்து சீல் வாங்கிருங்க என்றேன். "அய்யாவுக்குத் தெரியுமாம்மா?" இப்ப போய்ச் சொல்லப்போறேன் என்றேன். அவர் உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பஸ்ஸு பன்னெண்டே காலுக்கு" என்றார், பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்கிறவரைக்கும் காத்திருந்தேன், பிறகுதான் எழுந்து கை கழுவினேன்.

டாக்டர் கனகசுந்தரம் நான் நீட்டிய இரண்டாவது பிரதியை ஒரு தடவை வேகமாகவும் ஒரு தடவை மெதுவாகவும் படித்தார். "இத என் கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போட்டுருங்க" என்றார். அசல் பஸ்ஸில் போய்விட்டது என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார். "நான் ஒரு மாதிரிய விலக்கினேன். அது என் விஞ்ஞான முடிவு, அதுக்குப் பத்து காரணம் சொல்லுவேன். நீங்க பொய் எழுதினேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இதுல மாட்டுறது யாருன்னு யோசிச்சீங்களா?" யோசித்தேன் என்றேன். "நாளைக்கு எந்த லேப்லயும் உங்களை ஒரு தட்டைத் தொட விடமாட்டாங்க, எமல்டா." அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு பரிதாபம் இருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பயமும் போய்விட்டது. "விடக்கூடாது சார்" என்றேன். "அளவ மாத்திட்டு மாத்தலன்னு எழுதுனவள தட்டுகிட்ட விடக்கூடாது. மூணு வருஷத்துக்கு முன்னால நான் வந்து சொன்னேன்லா, அன்னைக்கே நீங்க என்னை வெளிய அனுப்பியிருக்கணும்."